சிஸ்டத்தில் ‘சென்ட்’ என்று இருந்தது

அன்று காலையும் அண்ணாதுரை வேனைத் தவறவிட்டார்.

அவர் மகள் அனுப்ரியாவுக்கு அந்தச் செய்தி தஞ்சோங் பகார் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் மின்படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது வந்தது. வேன் கம்பெனி கவுன்ட்டரிலிருந்து ரத்தினம்மா பேசினார். குரலில் கோபம் இல்லை. கோபப்படுகிற கட்டத்தையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்ட குரல் அது.

“சிஸ்டர், அப்பா இன்னைக்கும் கீழ வரலை. டிரைவர் நின்னு பார்த்துட்டுப் போயிட்டாரு. மத்த பேஷன்ட்டெல்லாம் உள்ள உக்காந்திருக்காங்கல்ல, பாவம்.”

“மெசேஜ் போச்சாக்கா?”

“போச்சே. சிஸ்டத்துல சென்ட்னு, அனுப்பியாச்சுன்னு காட்டுதுலா. தப்பா நெனச்சுக்காதீங்க, நானும் நம்மாளுதான், அதனால சொல்றேன். நம்மாளுங்களே இப்படித்தான். சீனவங்க எல்லாம் வேன் வர்றதுக்கு முன்னாடியே கீழ நிக்கிறாங்க. நம்மாளுங்கதான் போன் போட்டு, மெசேஜ் வரலை மெசேஜ் வரலைன்னு ஒரே பாட்டு.”

அனுப்ரியா மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்பது அவளுக்கு இப்போது தும்மல் மாதிரி, யோசிக்காமலே வந்துவிடுகிறது.

அண்ணாதுரைக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தேக்கா சந்தைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி புளோக்கில் தனியாக இருக்கிறார். நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி, சிகிச்சை நிலையத்தில் இறக்கி, திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கென்றே ஒரு வேன் கம்பெனி இருக்கிறது. வேன் ஒருநாள் வரும் நேரத்துக்கு இன்னொரு நாள் வராது. யார் யாரை ஏற்ற வேண்டும் என்பதைப் பொறுத்து மாறும். அதனால் காலையில் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: இத்தனை மணிக்கு, இந்த புளோக்கின் கீழே நில்லுங்கள். அதைப் பார்த்து இறங்கி வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதான் அவருக்குக் கடந்த தீபாவளியிலிருந்து முடியாமல் போயிற்று.

அனுப்ரியா அப்பாவை அழைத்தாள்.

“அப்பா, போனைப் பார்த்தீங்களா?”

“பார்த்துக்கிட்டேதாம்மா இருந்தேன். ஒண்ணும் வரலை.”

“வந்திருக்கும்பா. நீங்க தெரியாம அழிச்சிருப்பீங்க.”



“சரிம்மா,” என்றார் அண்ணாதுரை. “நான்தான் அழிச்சிருப்பேன்.”

முன்பெல்லாம் அவர் அப்படிச் சொல்ல மாட்டார். மல்லுக்கு நிற்பார். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர். “எனக்கா மறதி?” என்று கேட்டுவிட்டு, தான் ஓட்டிய தடத்தின் நிறுத்தங்களை ஒன்று விடாமல் ஒப்பித்துக் காட்டுவார். போகும்போது ஒரு வரிசை, திரும்பும்போது இன்னொரு வரிசை. அனுப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு ஞாபகப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அந்தச் சின்ன அறையில், வெள்ளைக் கோட்டுப் பெண்ணுக்கு முன்னால், மனிதர் பயத்தில் கிழமையைத் தப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நிறுத்தங்களை ஒப்பிப்பதை விட்டுவிட்டார்.

அண்ணன் ரஞ்சன் பொங்கோலில் இருக்கிறான். ஓர் அறையைக் காலி செய்து பெயின்ட் அடித்துவிட்டான். வரும் சனிக்கிழமை அப்பா அங்கே போகிறார். தேக்கா வீட்டைப் பூட்டிவிடுவது என்று முடிவு. தனியாக விட்டால் நாளைக்கு அடுப்பை அணைக்க மறப்பார், மறுநாள் வீட்டுக்கு வழியை மறப்பார் என்று ரஞ்சன் சொன்னான். அனுப்ரியாவால் மறுத்துப் பேச முடியவில்லை. பாசிர் ரிஸில் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. வேன் தவறும் நாட்களில் அப்பாவை டாக்சியில் கூட்டிப்போக அவசர விடுப்பு எடுத்து எடுத்து, கேட்பதற்கே கூச்சமாகிவிட்டது; அன்று அவரைத் தனியாகவே டாக்சியில் போகச் சொல்லிவிட்டாள். பொங்கோல் போவதை அப்பாவிடம் சொன்னபோது அதற்கும் அவர் “சரிம்மா” என்றுதான் சொன்னார்.

இத்தனை அலுப்போடு போய் உட்கார்ந்தவளுக்கு அன்று அலுவலகம் கொடுத்த வேலையைக் கேளுங்கள்.

அவள் கம்பெனிக்கு மற்றவர்களின் பழைய கணினிகளை உயிரோடு வைத்திருப்பதுதான் பிழைப்பு. புதிது வாங்க மனமில்லாதவர்கள், வாங்கினால் எது எதோடு ஒட்டாமல் போகுமோ என்று பயப்படுகிறவர்கள், எல்லாரும் இங்கேதான் வருவார்கள். குழுத் தலைவர் நசீர் பையில் கட்டிய கோப்பி ஓ கடுங்காப்பியோடு வந்து அவள் மேசையில் சாய்ந்து நின்றார்.

“அனு, புது கிளையன்ட். காலையில மெசேஜ் அனுப்புற ஸ்கிரிப்ட் ஒண்ணு ஆமை மாதிரி ஓடுதாம். ஆளுங்க கூடிட்டாங்க, மெஷின் சின்னது. மெஷினை மாத்த மாட்டாங்களாம். ஸ்கிரிப்டை மட்டும் கொஞ்சம் வேகமாக்கிக் குடு.”

கிளையன்ட்டின் பெயரைப் பார்த்தாள். அதே வேன் கம்பெனி.

“எங்கப்பா இந்த வேன்லதான் போறாரு,” என்றாள்.

“பிறகென்ன, ஒழுங்கா செய்வே,” என்று நசீர் சிரித்துவிட்டுப் போனார்.

அனுப்ரியா அந்தச் சிறு நிரலை, ஸ்கிரிப்டைத் திறந்தாள். ஷெல்லில் எழுதியது. கணினிக்கு வரிசையாகக் கட்டளை சொல்லும் எளிய மொழி அது. எழுதியவர் யாரோ, எந்தக் காலத்திலோ கம்பெனியை விட்டுப் போனவர். நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார், ஆனால் எதற்கெடுத்தாலும் வெளியாளைக் கூப்பிடுகிற பழக்கம். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அதில் தொலைபேசி எண்ணைப் பிரிக்க ‘கட்’ என்ற தனி நிரல், புளோக் எண்ணை எடுக்க ‘ஆக்’, செய்தியில் வெற்றாக விட்ட இடத்தில் பெயரைச் செருக ‘செட்’. ஒவ்வொரு முறையும் கணினி ஒரு புதிய வேலையாளைப் பிறப்பித்து, உடை உடுத்தி, வேலை வாங்கி, வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. ஒரு பச்சை மிளகாய் வேண்டுமென்றால் லிஃப்டில் இறங்கித் தேக்காவுக்குப் போய் ஒரே ஒரு மிளகாய் வாங்கி வருவது, அடுத்த மிளகாய்க்கு மறுபடி இறங்குவது. அடுப்படிக் கூடையில் மிளகாய் கிடக்கிறது என்பதை எழுதியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஷெல்லுக்கே அந்தக் கைவேலைகள் தெரியும். ஒரு சொல்லின் தலையை வெட்டு, வாலை வெட்டு, நடுவில் இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வை என்றால், யாரையும் கூப்பிடாமல் இருந்த இடத்திலேயே செய்துவிடும். இரண்டு மூன்று அடையாளக் குறிகள் போதும். அனுப்ரியா ஒவ்வொரு வெளியாளாக நீக்கிக்கொண்டே போனாள். ‘கட்’ போயிற்று. ‘ஆக்’ போயிற்று. கடைசியாகச் ‘செட்’டும் போயிற்று. மண்டைவலிக்கு இதமாக இருந்த வேலை. மனிதர்களோடு பேச வேண்டியதில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இப்படி மாற்றினால் ஒரு வழக்கம் உண்டு. வேகம் கூடலாம், விடை மாறக் கூடாது. பழையதையும் புதியதையும் ஒரே நாளின் பெயர்களை வைத்து ஓட்டி, செய்திகளை யாருக்கும் அனுப்பாமல் தனித்தனிக் கோப்பில் எழுதச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு வித்தியாசமும் இல்லை என்று வர வேண்டும். வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

வித்தியாசம் வந்தது. புதியதில் செய்தி இருந்த சில இடங்களில் பழையதில் வெறும் வெற்று வரி.

“என்னத்தையோ சொதப்பிட்டேன்,” என்று முனகிக்கொண்டு தன் பிழையைத் தேட ஆரம்பித்தாள். அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது. பழையது இத்தனை நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, தப்பு புதியதில்தானே இருக்கும்? வித்தியாசமான வரிகளை மட்டும் வரிசையாகத் திரையில் கொண்டுவந்தாள்.

எல்லாம் தமிழ்ப் பெயர்கள். சில பஞ்சாபிப் பெயர்கள், மலையாளப் பெயர்கள். சீனப் பெயர் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பெயரின் நடுவிலும் s/o அல்லது d/o. இன்னாரின் மகன், இன்னாரின் மகள். இந்த ஊரில் பிறந்த நம்மவர்களுக்கு அடையாள அட்டையில் அப்பன் பெயரை ஒட்டவைக்கிற கோந்து அதுதான். அந்த வரிசையின் மேலேயே, அண்ணாதுரை s/o செல்லக்கண்ணு.

அனுப்ரியா பழைய ஸ்கிரிப்டில் ‘செட்’ இருந்த வரிக்குப் போனாள்.

‘செட்’டிடம் ஒன்றை எடுத்து இன்னொன்றை வை என்று சொல்லும்போது, எது எங்கே முடிகிறது என்று காட்ட நடுவில் சாய்கோடு போடுவார்கள். எழுதிய மனிதரும் அப்படித்தான் போட்டிருந்தார். அப்பாவின் பெயரிலோ இன்னொரு சாய்கோடு இருக்கிறது. ‘செட்’ பெயரைப் படித்துக்கொண்டே வந்து, அந்தக் கோட்டைப் பார்த்ததும் பெயர் முடிந்துவிட்டது என்று எண்ணி, மிச்சம் இருப்பதைப் புரியாத கட்டளையாக நினைத்து, கையை விரித்துவிட்டது. கையை விரித்ததைச் சொல்லவும் சொன்னது. ஆனால் பிழைச் செய்திகள் வந்து தொந்தரவு செய்யக் கூடாதென்று அந்தப் புண்ணியவான் அவற்றையெல்லாம் குப்பைக்குத் திருப்பியிருந்தார். செய்தி வெற்றாகிப் போனது. வெற்றுச் செய்தியைத் தொலைபேசி நிறுவனம் ஏற்காது. அதைக் கவனிக்காமல் ஸ்கிரிப்டின் அடுத்த வரி பதிவேட்டில் எழுதிவைத்தது: சென்ட்.

ஷெல்லின் சொந்தக் கைக்கு இந்தத் தகராறே இல்லை. பெயருக்குள் எத்தனை கோடு இருந்தாலும் பெயர் பெயர்தான். அதனால்தான் அவள் தற்செயலாக, ஒரு நல்லெண்ணமும் இல்லாமல், வேகத்துக்காக மாற்றியபோது அது தானாகச் சரியாகிவிட்டது.

பழைய பட்டியல்களைத் திறந்து பார்த்தாள். கடந்த தீபாவளி வரைக்கும் வேன் கம்பெனி பெயர்களைச் சுருக்கமாக வைத்திருந்தது. அதன் பிறகு அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு செய்திகூடப் போகவில்லை. எப்போதாவது அவர் வேனைப் பிடித்த நாட்களில், விடிந்ததிலிருந்து கீழே போய் உட்கார்ந்து காத்திருந்துதான் பிடித்திருக்கிறார். அதைச் சொன்னபோதும், “எதுக்குப்பா இவ்வளவு சீக்கிரம் கீழ போறீங்க, நேரம்கூடத் தெரியலையா?” என்று அவள்தான் திட்டினாள்.

அவள் பெயரிலும் ஒரு d/o இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று, மின்னஞ்சல் முகவரியில் அது ஒத்துவராது என்று அவர்கள் சொன்னதும், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதைப் பற்றி அதன் பிறகு நினைத்ததுகூட இல்லை.

நாள் முழுக்க இதே தொழிலைச் செய்கிறவள் அவள். ‘சென்ட்’ என்று ஏட்டில் எழுதியிருந்தால் அனுப்பினதாக அர்த்தமில்லை என்பதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். அப்பா வரவில்லை என்றார், சிஸ்டம் அனுப்பினேன் என்றது. அவள் சிஸ்டத்தை நம்பினாள். வெட்கமாக இருந்தது. நசீரின் மேசைக்குப் போனபோது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

அவள் சொல்லச் சொல்ல நசீர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பேரையும் இதுக்குள்ள போட்டா இப்படித்தான் ஆகும்,” என்றார் கடைசியில். “நசீர் s/o அப்துல் ஹமீது. அதிலயும் கோடு இருக்குல்ல.”

“புதுசை இப்பவே போடணும் அண்ணே.”

“மாத்தறதுக்கு அடுத்த வாரம்தான் நேரம் குடுத்திருக்காங்க.” சொல்லிவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டார். “வேணாம், நீ போட்டுடு. நான் பேசிக்கிறேன். வேகமாத்தானே ஆக்கச் சொன்னாங்க? வேகமா ஆயிடுச்சு.”

அனுப்ரியா போட்டாள். பிறகு ரத்தினம்மாவை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

“அப்ப அவங்க சொன்னதெல்லாம் நெசமா சிஸ்டர்?”

“நெசம்தாங்க்கா.”

“ஐயோ. ஒவ்வொருத்தருக்கா நானே போன் போட்டுச் சொல்றேன்.” பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. “நம்மாளுங்களே இப்படித்தான்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன். யார்கிட்டன்னு போய் இல்லைன்னு சொல்றது?”

அண்ணன் ரஞ்சனையும் அழைத்துச் சொன்னாள். “ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சே அனு,” என்றான். பெயின்ட்டின் பிழையா அது?

அன்று மாலை தேக்காவில் இறங்கியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பூக்கடை, காய்கறிக்கடை, தொலைபேசி அட்டை விற்கிறவன், எல்லாரையும் இடித்துக்கொண்டு நடந்தாள். இத்தனை மாத அலுப்பில் முதல்முறையாக அப்பாவிடம் கொண்டுபோக ஒரு நல்ல சேதி கையில் இருந்தது. கதவைத் திறந்ததும் கொட்டிவிட வேண்டும் என்றிருந்தது.

வீட்டுக்குள் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அண்ணாதுரை கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்துப்போன கையால் மெல்ல மெல்ல மடித்தார். கைப்பேசி மடியில் இருந்தது. ஒரு சட்டை மடித்தால் ஒருமுறை அதைத் தொட்டுத் திரையைப் பார்த்தார்.

“அப்பா, நீங்க அழிக்கலை. உங்களுக்கு மெசேஜே வரலை. உங்களுக்கு மறதி இல்லப்பா. அந்த ஸ்கிரிப்ட்தான் தப்பு, நானே கண்டுபிடிச்சேன். உங்க பேர்ல கோடு இருக்குல்ல, s/o-வில, அதுல மாட்டிக்கிச்சு. நான் சரி பண்ணிட்டேன்.”

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அண்ணாதுரை அவளை அன்போடு பார்த்தார். சட்டையை ஓரமாக வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினார்.

“சாப்பிட்டியாம்மா?”

“அப்பா, நான் சொன்னது புரியுதா?”

“புரியுதும்மா. நீ ரொம்ப அலையிறே. என்னைத் தேத்துறதுக்காக ஏதேதோ சொல்றே.” சற்றுப் பொறுத்து, “நான் ஒண்ணும் வருத்தப்படலை,” என்றார்.

“தேத்தறதுக்கு இல்லப்பா, நெசம்! நான் உங்களை நம்பாம அந்த சிஸ்டத்தை நம்பிட்டேன். என் தப்புப்பா.”

“உன் தப்பு என்னம்மா இருக்கு. நானே என்னை நம்பலையே.”

மடித்த சட்டையைப் பெட்டிக்குள் வைத்தார். அனுப்ரியா அவரை அந்தப் பழைய பஸ் நிறுத்தங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். தொடங்கினார். கொஞ்ச தூரம் சரியாகவே போனார். பிறகு நின்று, தப்பாகச் சொல்கிறேனோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவர் சொன்ன வரைக்கும் எல்லாம் சரிதான். சரி என்று அவள் சொன்னாள். போதும்மா என்று நிறுத்திக்கொண்டார்.

அடுத்த டயாலிசிஸ் வெள்ளிக்கிழமை. அனுப்ரியா விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். இருவரும் சாப்பாட்டு மேசையில், கைப்பேசியை நடுவில் வைத்து, எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கோப்பி ஆறிப் போயிற்று.

கைப்பேசி ஒலித்தது. வேன் வரும் நேரம், புளோக் எண், எல்லாவற்றுக்கும் மேலே முழுப்பெயர். கோட்டோடு, தாத்தா செல்லக்கண்ணுவோடு. அண்ணாதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். திரையைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

“வந்திருக்கும்மா,” என்றார்.

“வந்திருக்குப்பா.”

அந்த நிமிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். அப்படி நினைக்க அவளுக்கு ஆசையாக இருந்தது. இருவரும் கீழே போனார்கள். வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. அப்பாவைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டாள். “பெட்டியெல்லாம் நான் வந்து பிரிச்சு வைக்கிறேன்பா, பொங்கோல் போக வேணாம்,” என்றாள். அவர் தலையசைத்த மாதிரி இருந்தது. வேன் முனை திரும்பிப் போயிற்று.

அவள் சந்தைப் பக்கம் நடக்கத் தொடங்கியபோது கைப்பேசி அடித்தது. அப்பா.

“அனு, கோவிச்சுக்காதே. ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கப்பா.”

“நீ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவ. அந்த மெசேஜை...” பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்காக நீயே அனுப்பினியாம்மா?”

அவள் நடைபாதையில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“இல்லப்பா. அது தானா வந்தது. சத்தியமா தானா வந்தது.”

வேன் எஞ்சினின் உறுமல் கேட்டது. யாரோ இருமினார்கள்.

“சரிம்மா,” என்றார் அண்ணாதுரை.

அந்தச் ‘சரிம்மா’வை அவள் நன்றாக அறிவாள். நான்தான் அழிச்சிருப்பேன் என்று சொன்ன நாளிலும் அவர் அதே குரலில்தான் சொன்னார். அனுப்ரியா வீட்டுக்கு ஏறிப் போகவில்லை. புளோக்கின் கீழே, அப்பா விடிந்ததிலிருந்து காத்திருந்த இடத்தில் உட்கார்ந்து, அப்பா திரும்பி வரும் வேனுக்காகக் காத்திருந்தாள்.